லெஸ்தாரி பேரில் முப்பத்தொரு தவணை

வினார்சிக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொறாமைதான். அதுவும் ஓரகத்தி மேல். செமராங் நகரத்தில் தினம் எத்தனையோ பேர் வீடு வாங்குகிறார்கள், அவளுக்கு அதைப் பற்றி ஒன்றுமில்லை. கொழுந்தன் பெண்டாட்டி வாங்கப் போகிறாள் என்றதும்தான் தாங்கவில்லை. ஆனால் அவள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் அவளைத் திட்டுங்கள்.

அந்த நகரத்தின் கெனுக் பகுதியில், கடலோரத்தில், ஒரே வீட்டின் நடுவே பிளைவுட் பலகை அடித்து அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். முன்பாதியில் மூத்தவன் ஜர்வோ, அவன் மனைவி வினார்சி, ஒன்பது வயது மகள் லாராஸ். பின்பாதியில் இளையவன் சுகெங்கின் மனைவி லெஸ்தாரி மட்டும். சுகெங் படாம் தீவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான், நோன்புப் பெருநாளுக்குத்தான் வருவான். மாதத்தில் பத்து நாளாவது கடல் இரண்டு பாதிக்கும் வந்துவிட்டுப் போகும். போன வருஷம் கட்டிலுக்கு நாலு செங்கல் முட்டுக் கொடுத்தார்கள், இந்த வருஷம் ஆறு. உப்புத் தண்ணீரிலேயே நடந்து நடந்து லாராஸின் கால் விரல் இடுக்கெல்லாம் புண். ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்துவிட்டு, காலை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கெனுக்கில் ஈரம் படாமல் இருப்பதற்குப் பறக்கத்தான் வேண்டும்.

அதனால்தான் மேட்டுப் பக்கம், உங்காரான் போகிற வழியில், அரசாங்க மானியத்தில் கட்டுகிற சின்ன வீடுகளில் இரண்டு மிச்சம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக மனுப் போட்டு வந்தார்கள். முன்பணத்தை அவரவர் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். வங்கிக் கடன் கிடைத்தால் போதும். மூன்று வாரம் கழித்து வங்கியிலிருந்து கூப்பிட்டபோதும் ஒரே வண்டியில்தான் போனார்கள். லெஸ்தாரி ஓட்ட, வினார்சி பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது ஜர்வோவின் மோட்டார் சைக்கிள். அதில் ஆள் ஏற்றிப் போய்த்தான் அவன் பிழைத்தான். ஆனால் தவணைக்கு வாங்கும்போது கம்பெனிக்காரன் சம்பளச் சீட்டு கேட்டான். ஜர்வோவிடமும் இல்லை, தொழிற்சாலை வாசலில் தெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து விற்கிற வினார்சியிடமும் இல்லை. லெஸ்தாரி அதே தொழிற்சாலைக்குள் சட்டை தைக்கிறவள், அவளிடம் இருந்தது. அந்த ஊரில் பேரை இரவல் கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. உப்பு இரவல் கொடுப்பதைப் போலத்தான் கொடுப்பார்கள். "பேருதானே அக்கா, எடுத்துக்கோங்க" என்று சொல்லி லெஸ்தாரி கையெழுத்துப் போட்டாள். முப்பத்தாறு தவணை, மாதம் ஏழு லட்சத்து எண்பதாயிரம் ரூப்பியா, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. முப்பத்தொன்று கட்டியாகிவிட்டது. கட்டியது வினார்சி. முழங்கால் தண்ணீரில் நடந்து போய், தவணை வாங்குகிற மினிமார்க்கெட் கல்லாவில் எண்ணிக் கொடுத்தவள் அவள். லாராஸுக்கு டெங்கு வந்த மாதம்கூட ஒரு நாள் பிந்தவில்லை.

வங்கியில் ரத்ரி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலில் வினார்சியின் காகிதத்தை எடுத்தாள். முகத்தைப் பார்த்ததுமே வினார்சிக்குத் தெரிந்துவிட்டது.

தப்பாக ஒன்றும் இல்லை என்றாள் ரத்ரி. ஒன்றுமே இல்லை, அதுதான் சிக்கல். வினார்சி பேரிலும் ஜர்வோ பேரிலும் ஒரு வரிகூட இல்லை. நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கு அந்த வரிகளைப் பார்த்துத்தான் மேலிடத்தில் கடன் கொடுக்கிறார்கள்.

"நான் யாருகிட்டயும் கடன்னு போய் நின்னதில்ல. அது குத்தமா?" என்றாள் வினார்சி.

"குத்தமில்லைங்கம்மா. ஆனா உங்களப் பத்தி எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே."

யார் சொல்ல வேண்டும் என்று வினார்சி கேட்டாள். ரத்ரி பொறுமையாகத்தான் விளக்கினாள். வங்கிகள், வண்டிக்குத் தவணை கொடுக்கிற கம்பெனிகள், போனிலேயே கடன் கொடுக்கிறவர்கள், இவர்களெல்லாம் மாதாமாதம் அரசாங்க ஏட்டுக்கு எழுதி அனுப்ப வேண்டும். யார் வாங்கினார், எவ்வளவு பாக்கி, சரியாகக் கட்டினாரா, எத்தனை நாள் பிந்தினார் எல்லாம் அதில் வந்துவிடும். யாராவது கடன் கேட்டு வந்தால் வங்கி அதைத் திறந்து பார்க்கும். அவ்வளவுதான்.

வினார்சி விடவில்லை. பதினோரு வருஷமாகத் தெருவில் இருபத்திரண்டு பெண்கள் போடுகிற அரிசான் சீட்டுப் பணம் தன் கையில்தான் இருக்கிறது, ஒரு ரூப்பியா குறைந்ததில்லை, வேண்டுமானால் தெருவில் யாரையும் கேட்டுப் பாருங்கள் என்றாள். எண்ணெய்க் கடைக்காரரைக் கேளுங்கள், தெம்பே கொடுக்கிற கிழவரைக் கேளுங்கள் என்றாள். அவர்களெல்லாம் ஏட்டுக்கு எழுதி அனுப்புவதில்லையே அம்மா என்று ரத்ரி வருத்தத்தோடு சொன்னாள். கடைசியாக வினார்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, முப்பத்தொரு மாதமாக ஒரு வண்டித் தவணை கட்டுகிறேனே என்றாள்.

"எந்தப் பேர்ல?"

வினார்சி லெஸ்தாரியைத் திரும்பிப் பார்த்தாள். லெஸ்தாரி மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக லெஸ்தாரியின் காகிதம். ரத்ரியின் முகமே மாறிவிட்டது. "உங்களுதுதாங்க அழகு. முப்பத்தொரு மாசம், ஒரு நாள் தாமதமில்ல. எங்க மேனேஜரே இதைப் பார்த்துட்டு, இந்த மாதிரி நாலு பேர் வந்தா போதும்னார்."

லெஸ்தாரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "தவணைன்னா கட்டணும் இல்லீங்களா" என்றாள்.

பாருங்கள், அந்த ஒரு வார்த்தை! அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட வினார்சி பொறுத்திருப்பாள். தான் வேர்த்து விறுவிறுத்துக் கட்டிய காசுக்கு இன்னொருத்தி கூச்சப்பட்டுப் பாராட்டு வாங்கிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்குத்தான் எரியாது?

லெஸ்தாரிக்குக் கடன் உண்டு, கையெழுத்து அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று ரத்ரி சொன்னாள். அதுவரைக்கும் எந்தத் தவணையும் பிந்தக் கூடாது. மாதக் கடைசியில் கம்பெனிகள் அனுப்புகிறதை வைத்துக் கையெழுத்துக்கு முந்தின வாரம் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அன்றைக்கு நிலுவை என்று வந்தால் வீடு காத்திருப்பில் உள்ள அடுத்த ஆளுக்குப் போய்விடும். லெஸ்தாரி தலையாட்டினாள். வினார்சியும் ஏனோ கூடச் சேர்ந்து ஆட்டினாள்.

திரும்பும் வழியில் லெஸ்தாரி சொன்னாள், லாராஸைத் தன்னோடு மேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பள்ளிக்கூடம் பக்கம், கால் புண் ஒரு மாதத்தில் ஆறிவிடும் என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் வினார்சியின் காதில் அது எப்படி விழுந்தது? என் காசு போச்சு, என் பேர் போச்சு, இப்போது பிள்ளையையும் கேட்கிறாள் என்று விழுந்தது. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் லாராஸிடம் விஷயம் அன்றைக்கே போய்விட்டது. தன் அறைக்கு மஞ்சள் திரை வேண்டுமென்று அது சித்தியிடம் கேட்டும்விட்டது.

வீடு கிடைக்கப் போகிற சந்தோஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லெஸ்தாரி அக்கம்பக்கத்துக்கு மஞ்சள் சோறு கொடுத்தாள். யார் பொரித்தது தெம்பேயும் கோழியும்? வினார்சிதான். உங்கள் கை பட்டால்தான் ருசி அக்கா என்று லெஸ்தாரி வந்து கேட்டபோது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து, லெஸ்தாரிக்கு என்ன ராசி, என்ன ஒழுங்கு, வங்கிக்காரனே மெச்சினானாமே என்று பேசப் பேச, அடுப்படியில் இவளுக்கு எண்ணெயை விட அதிகமாகக் கொதித்தது. தட்டு கழுவ வந்த எதிர்வீட்டு மர்சியாவிடம் கடைசியில் சொல்லியே விட்டாள். அந்த ஒழுங்கெல்லாம் என்னுடையது, நான் கட்டிய கட்டுக்குத்தான் அவளுக்கு வீடு என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். மர்சியாவிடம் அப்படிச் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சோறு வாங்கிப் போனவர்கள் சிலர் லெஸ்தாரியைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தார்கள். லெஸ்தாரி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக அடுக்கினாள்.

ஐந்தாம் தேதி வந்தது. வினார்சி வழக்கம்போல ஏழு லட்சத்து எண்பதாயிரத்தை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மினிமார்க்கெட்டுக்குப் போனாள். வாசலில் நின்றாள். கல்லாவில் இருந்த பெண் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். இந்தக் காசு உள்ளே போனால் லெஸ்தாரி பேரில் இன்னொரு வரி ஏறும். முப்பத்திரண்டாவது வரி. வினார்சி பேரில் என்ன ஏறும்? சுழிதான். அவள் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

நாளைக்குக் கட்டலாம் என்றுதான் நினைத்தாள். இதை நம்ப வேண்டும், அன்றைக்கு அவள் மனதில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் நாளைக்கும் கால் போகவில்லை. ஜர்வோ கேட்டபோது கட்டியாச்சு என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காசு விஷயத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய். அவன் சந்தேகப்படவே இல்லை, அதுவும் அவளைக் குத்தியது. கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒப்பந்தத்தில் அவள் நம்பரைத்தான் முதலில் கொடுத்திருந்தார்கள். முதலில் ஒரு பெண் குழைவாகப் பேசினாள், பத்து நாள் கழித்து ஒருத்தன் அவ்வளவு குழையாமல் பேசினான். இதோ, இந்த வாரம் என்று சொல்லிச் சொல்லி வைத்தாள்.

அந்த நாட்களில் லெஸ்தாரியை அவள் எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருந்தாள். அவள் தொழிற்சாலையிலிருந்து வருவது, சாப்பிடுவது, பலகைக்கு அந்தப் பக்கம் படாமுக்குப் போன் பேசுவது எல்லாவற்றையும். லெஸ்தாரி திரைத்துணி வாங்கவில்லை. சாமான் கட்டவில்லை. என்ன திமிர், கையெழுத்துக்கு முந்தின நாள் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறாள் போல என்று வினார்சி நினைத்தாள். வீட்டைப் பற்றி லெஸ்தாரி ஒரு தடவைதான் பேச்செடுத்தாள். வண்டித் தவணை எல்லாம் ஒழுங்காகப் போகிறதா அக்கா என்று கேட்டாள். போகிறது என்றாள் வினார்சி. லெஸ்தாரி அவள் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாதக் கடைசியும் தாண்டியது. அடுத்த ஐந்தாம் தேதியும் வந்து போனது. இதற்கு நடுவில் அரிசான் சீட்டுக் குலுக்கலில் வினார்சி பேரே விழுந்து, ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கைக்கு வந்திருந்தது. ஆக, இல்லாமையால் கட்டவில்லை என்று அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

பதினான்காம் தேதி, மத்தியானம். ஜர்வோ சோற்றுத் தட்டோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தான். கீழே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். லெஸ்தாரி தொழிற்சாலைச் சீருடையோடு, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, முன்பாதி வழியாக உள்ளே வந்தாள்.

"பேங்க்ல இல்லன்னுட்டாங்க" என்றாள். "வண்டித் தவணை நிலுவையாம். வீடு வேற ஆளுக்குப் போயிடுச்சு."

ஜர்வோ மனைவியைத் திரும்பிப் பார்த்தான். வினார்சி பதிலைத் தயாராக வைத்திருந்தாள். தண்ணீர் வந்து வியாபாரம் படுத்துவிட்டது, கையில் இல்லை, சொல்ல வெட்கமாக இருந்தது என்று மளமளவென்று சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க அக்கா. சீட்டு விழுந்து பதினஞ்சு நாளாச்சு. நானும் அந்தச் சீட்டுல இருக்கேன்."

ஒளிக்க இனி எதுவும் இல்லை என்றானதும் வினார்சிக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஆமா, கட்டல. காசு இருந்துச்சு, கட்டல. முப்பத்தொரு மாசம் நான் கட்டினேன், அந்தப் பொண்ணு முன்னாடி நீ சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டியே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா உனக்கு?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இது என் வண்டி இல்லன்னு அங்க சொல்லணுமா? சொன்னா உங்க வண்டியும் போகும், என் வீடும் போகும்." லெஸ்தாரி செருப்பைத் தண்ணீரிலேயே போட்டாள். "நீங்க கட்டலன்னு எனக்கு எட்டாம் தேதியே தெரியும். ஒப்பந்தம் என் பேரு. எனக்கும் மெசேஜ் வரும்."

இதை வினார்சி எதிர்பார்க்கவில்லை. எட்டாம் தேதியே என்றால் ஒரு மாதத்துக்கும் மேலே ஆகிறது. "தெரிஞ்சா நீயே போய்க் கட்டியிருக்கலாமே" என்றாள். குரல் பாதியாகிவிட்டது.

"போனேன். ரெண்டு தடவை. காசோட போய் அந்தக் கடை வாசல்ல நின்னேன்." லெஸ்தாரி தண்ணீரில் ஓரடி முன்னால் வந்தாள். "நீங்க தெரு பூரா சொல்லிட்டீங்க, வினார்சி கட்டுன கட்டுல லெஸ்தாரிக்கு வீடுன்னு. நான் அங்க போய் முப்பது வருஷம் இருந்தாலும் அது நீங்க போட்ட பிச்சைதான். உங்கள ஊரே நம்புது. கேக்காமலே சீட்டுக் காசைக் கையில குடுக்குறாங்க. என்னை நம்பி ஒருத்தி பத்தாயிரம் குடுத்ததில்ல. ஒரே ஒரு தடவை, ஒரு காகிதத்துல என் பேரு நல்லா இருந்துச்சு. அதுவும் உங்களுது. மிச்சத்தையும் நீங்களே கட்டுங்க, இல்ல போனா போகட்டும்னு வந்துட்டேன்."

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்டதும் வினார்சிக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவளும் எரிந்திருக்கிறாள். என்னைப் பார்த்து! வருஷக்கணக்காக! அந்தச் சந்தோஷம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு இருந்தது. கடை வாசலில் தான் நின்ற அதே இடத்தில், கண்ணாடிக்கு முன்னால், லெஸ்தாரி பணத்தோடு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. தான் திரும்பி வந்ததைப் போலவே அவளும் திரும்பி வந்திருக்கிறாள். அவள் என்ன வாங்கிக்கொண்டு வந்தாளோ.

ஜர்வோ இவ்வளவு நேரமும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தட்டை மெல்லக் கட்டில் மேல் வைத்தான்.

"லாராஸ் காலைப் பார்த்தீங்களா ரெண்டு பேரும்? காலையில சீழ் வந்துச்சு" என்றான். "அப்போ காசு ரெண்டு பேர் கையிலயும் இருந்திருக்கு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வரப் போனான்.